மூட்டைக்குள் என்ன செடி?

கீழாநெல்லி என்று சீட்டு ஒட்டிய மூட்டை வந்தால் முதலில் நான் தேடுவது காயைத்தான். காய்ந்து நொறுங்கிய சருகில் இலையை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. காயை நகத்தால் உடைத்து, விதையைப் பத்து மடங்கு லென்ஸில் பார்க்க வேண்டும். வரிகள் குறுக்கே ஓடினால் அது பங்காளிச் செடி, ஃபில்லாந்தஸ் யூரினேரியா. காய்த்தோலும் சொரசொரவென்று இருக்கும். வரிகள் நீளவாக்கில் ஓடினாலும் வேலை முடியவில்லை. காயடியில் ஒட்டியிருக்கும் பூவிதழ்களை வெந்நீரில் ஊறவைத்து விரித்து எண்ணுவேன். ஐந்து இருந்தால் அசல் கீழாநெல்லி, ஃபில்லாந்தஸ் அமாரஸ். ஆறு என்றால் வேறு இனம். கூலிக்குப் பறிப்பவருக்கோ இலைக்கடியில் காய் தொங்கினால் எல்லாமே கீழாநெல்லிதான். எடைக்குத்தானே காசு, அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

பொடியாக வந்தால்தான் தலைவலி. நுண்ணோக்கியில் இலைத்துளை, மயிரிழை, படிகம் என்று துப்புத் துலக்க வேண்டும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களிடம் பிரஸ்ஸல்ஸ் சம்பவத்தைச் சொல்வேன். 1990-களின் தொடக்கத்தில் அங்கே உடல் இளைக்க மாத்திரை சாப்பிட்ட பெண்கள் நூறு பேருக்கும் மேல் சிறுநீரகம் பழுதானது. மாத்திரையில் சேர்க்க வேண்டியது ஸ்டெஃபானியா என்ற சீன மூலிகையின் வேர். ஃபாங்ஜி என்ற பெயரில் வந்து சேர்ந்ததோ அரிஸ்டோலோகியா.

நம்மூர் ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும் அதே பேரினம்தான். சிறுநீரகங்களைப் பழுதாக்கிய அரிஸ்டோலோகிக் அமிலம் அவற்றிலும் உண்டு. ‘பாட்டன் காலத்திலிருந்து கொடுக்கிறோம், யாருக்கு என்ன ஆச்சு?’ என்று வைத்தியர்கள் கேட்பார்கள். அனுபவத்தை மதிக்கிறவன்தான் நான். தின்ற அன்றே வாந்தியெடுக்க வைக்கும் செடியை அது சரியாகவே ஒதுக்கி வைத்திருக்கிறது. ஆனால் இந்த அமிலம் சிறுநீரகத்தை ஓசையில்லாமல் கெடுக்கும். சிறுநீர்ப்பாதையில் புற்று வர ஆண்டுகள் பிடிக்கும். எப்போதோ குடித்த கஷாயத்தின் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-இல் இந்தப் பேரினத்துச் செடிகள் சேர்ந்த மருந்துகளைப் புற்று உண்டாக்குபவை என்றே வகைப்படுத்தியது.

ஆக, ஈசுவரமூலியைப் பொறுத்தவரை சரக்கு அசலாக இருப்பதுதான் ஆபத்து. ‘அசல்’ என்று சான்று எழுதும் அதே தாளில், உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது என்றும் எழுதிவிடுகிறேன். சிலர் அடுத்த மூட்டையை வேறு ஆளிடம் அனுப்பிவிடுகிறார்கள்.