எட்டு நாட்கள்

விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசையாகச் செல்லும் ஓசையில்தான் மறைமலை நகரில் எங்கள் தெரு கண்விழிக்கும். ஒரு நாள் அப்பேருந்து எங்கள் வீட்டெதிரே நில்லாமற் சென்றது. பதினெட்டு ஆண்டுகள் எங்களுக்குச் சோறிட்ட ஆலை உற்பத்தியை நிறுத்திவிட்டது. கையில் கிடைத்த தொகை வீட்டுக் கடனுக்கே போதவில்லை.

முதலில் மிகுந்த உருக்கத்தோடு செபித்தோம். மாதங்கள் கடந்தன. பின்னர் இரவுச் செபமாலை தானாகவே நின்றது. யார் நிறுத்தியது என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவுமில்லை. ஞாயிறு திருப்பலிக்கு மட்டும் சென்றோம். அதுவும், உண்மையைச் சொன்னால், அண்டை அயலார் என்ன நினைப்பார்களோ என்றுதான்.

“விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது வாய்தான் அசைகிறது, சாமி” என்று பங்குத் தந்தையிடம் ஒருநாள் மனம் திறந்தோம். அறிவுரையை எதிர்பார்த்தோம். அவரோ, “உயிர்த்த ஆண்டவரை நம்பமாட்டேன் என்ற தோமையார், அந்த எட்டு நாளும் எங்கே இருந்தார்? வீட்டிற்குப் போய் வாசித்துப் பாருங்கள்” என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவே யோவான் நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தைப் பிரித்தோம். எத்தனையோ முறை கேட்ட பகுதிதான். காயங்களில் விரலையிட்டுப் பார்த்தாலன்றி நம்பேன் என்றவர், எட்டு நாட்களுக்குப் பின்னும் அதே வீட்டில், அதே சீடர்களோடு இருக்கிறார்! அவர் விலகிப்போகவில்லை, அவர்களும் அவரை வெளியேற்றவில்லை. ஆண்டவர் வந்து தம் காயங்களைத் தொடச் சொல்கிறார். தோமையார் தொட்டார் என்று நற்செய்தியாளர் எழுதவேயில்லை; கண்டவுடன் கடவுளென்று அறிக்கையிட்டதையே எழுதியுள்ளார். ஐயத்திற்கே அவர் பெயரை வைத்துவிட்டோம். இலாசரின் ஊருக்கு ஆண்டவர் புறப்பட்டபோது, அவரோடு சாகவும் செல்வோம் என மற்றவரை அழைத்தவர் இவரே என்பதை யார் நினைக்கிறோம்?

அவ்வாண்டு ஜூலை 3, புனிதரின் திருநாளன்று, மின்தொடர் வண்டியேறிப் பரங்கிமலைக்குச் சென்றோம். செங்கற்பட்டு மறைமாவட்டத்தினராகிய நமக்கு அது அயலூரன்று. எனினும், இத்தனை ஆண்டுகளாக அதனடியில் வண்டியில் கடந்துபோனவர்களேயன்றிப் படியேறியவர்களல்லோம். கி.பி. 72-இல் தோமையார் அங்கே உயிர் நீத்தார் என்பது மரபு. வரலாற்றாசிரியர் வாதிடட்டும். பீடத்தின் பின்சுவரில், 1547-இல் போர்த்துக்கீசியர் அடித்தளம் தோண்டியபோது கண்டெடுத்த கற்சிலுவை இருக்கிறது. சுற்றிலும் பண்டைப் பாரசீகத்தின் பகலவி எழுத்துகள். எங்களால் அதில் ஓரெழுத்தும் வாசிக்க இயலவில்லை. ஆயினும் யாரோ, எங்கிருந்தோ வந்து, இதே சிலுவையின்முன் மண்டியிட்டிருக்கிறார்கள் என்ற நினைவே நெஞ்சை அடைத்தது. வேலை கேட்டு மன்றாடவே மலையேறியிருந்தோம். அதைக் கேட்க மறந்து நெடுநேரம் அங்கேயே அமர்ந்திருந்தோம். வெளியே வந்தபோது மீனம்பாக்கத்து விமானமொன்று தாழப் பறந்து சென்றது.

வேலை உடனே கிடைத்துவிடவில்லை. ஏழு மாதங்கள் கழித்து, ஒரகடத்தில், முன்னையதிற் பாதி ஊதியத்திற்கே கிடைத்தது. ஆனால் மலையிலிருந்து இறங்கிய அன்றிரவே செபமாலையைக் கையிலெடுத்தோம். அந்த ஏழு மாதங்களில் அது ஒருநாளும் நிற்கவில்லை. சில இரவுகளில் எங்களுள் ஒருவருக்கு வாய் வரவில்லை. அப்போது மற்றவர் இருவர் பகுதியையும் சேர்த்துச் சொல்ல, வாய் வராதவர் அருகில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.