வளர்ந்தால் மட்டும் போதுமா?

காலை 6 மணிக்கு வானொலியில் "எழுந்துவிட்டீர்களா?" என்று நேயர்களைக் கேட்பது என் வேலை. அந்த நேரத்தில் என் தங்கை பல நாள் தூங்கவே போயிருக்கமாட்டாள். பாக்டீரியாவிடமிருந்து என்சைம் எடுப்பது அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. இது நான்காவது ஆண்டு.

தீபாவளிக்கு வந்த உறவினர்கள், "இன்னுமா முடியல?" என்று கேட்டபோது நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் பேசாமல் சமையலறைக்குள் போய்விட்டாள்.

ஒரு சனிக்கிழமை இரவு அவளை அழைத்துவர ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். கண்ணாடிக் குடுவைகள் ஓர் இயந்திரத்தில் ஆடிக்கொண்டிருந்தன. உள்ளே பேசில்லஸ் சப்டிலிஸ். அது தரும் அமிலேஸ் என்ற என்சைம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். நம் எச்சிலிலும் அமிலேஸ் உண்டு. துணியில் படியும் மாவுக் கறையைப் போக்க, சலவைத்தூளிலும் அதைச் சேர்க்கிறார்கள்.

ஒரு குடுவை நன்றாகக் கலங்கியிருந்தது. "இது அமோகமா வளர்ந்திருக்கே!" என்றேன்.

"அதுக்குக் குளுக்கோஸ் கொடுத்தேன்க்கா. வளரும், ஆனா வேலை செய்யாது."

மாவுச்சத்து கலந்த இரண்டு தட்டுகளை எடுத்தாள். குளுக்கோஸ் குடுவையின் தெளிந்த நீரை ஒன்றிலும், மாவுச்சத்துக் குடுவையின் நீரை மற்றொன்றிலும் சில மணி நேரத்துக்கு முன்பே விட்டு வைத்திருந்தாளாம். இப்போது இரண்டிலும் அயோடின் ஊற்றினாள். முதல் தட்டு முழுக்கக் கருநீலம். இரண்டாவதில், நடுவே நிலா மாதிரி ஒரு வெளிர் வட்டம். அங்கிருந்த மாவுச்சத்தை அமிலேஸ் உடைத்துவிட்டிருந்தது.

சுலபமான சர்க்கரை கையில் இருக்கும்வரை, பாக்டீரியா அமிலேஸ் செய்ய மெனக்கெடாதாம். உணவு மட்டுமல்ல, வெப்பமும் அமில காரத் தன்மையும்கூடப் பொருந்த வேண்டும். 3 வெப்பநிலை, 3 அமில காரத் தன்மை, 3 உணவு என்றால் 27 குடுவை. முடிவு உறுதியாக, ஒவ்வொன்றையும் 3 முறை செய்ய வேண்டும். மொத்தம் 81. ஒன்று கெட்டாலும் அதை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

வீடு திரும்பும் வழியில், தீபாவளியன்று சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"பரவாயில்லக்கா. நாளைக்குக் காலைல 6 மணிக்கு மாதிரி எடுக்கணும். உனக்கு லீவுதானே, கொண்டுவந்து விடுறியா?"

உங்கள் வீட்டிலும் "இன்னுமா முடியல" பிள்ளை ஒருவர் இருக்கலாம். அடுத்த முறை, இதுவரை எத்தனை குடுவை ஆயிற்று என்று கேட்டுப் பாருங்கள்.