எங்க நோவுது?

சித்தி ஈரானில் நர்சாக இருந்தவர். 1979 புரட்சியோடு வேலையை விட்டுக் களியக்காவிளைக்குத் திரும்பினார். அவர் பெட்டியில் ஒரு நோட்டு இருந்தது. வேலைக்கு வேண்டிய பாரசீகச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்திருந்தார்.

பெசெஷ்க் என்றால் டாக்டர். தந்தான் என்றால் பல். தந்தான்பெசெஷ்க் பல் டாக்டர். பரஸ்தார் நர்ஸ். ஆஸ்பத்திரி பீமாரெஸ்தான். பேறு பார்ப்பவளுக்கு 'மாமா' என்று பெயர். பிள்ளைகள் நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

நம் மொழியிலும் ஒன்று உண்டு. மருத்துவனுக்குப் பெண்பால் மருத்துவச்சி. ஆனால் அந்தச் சொல்லைப் பேறு பார்ப்பவளுக்கே ஒதுக்கிவிட்டோம். எங்கள் ஊர் திருவிதாங்கூரில் இருந்த காலத்திலேயே, 1938-ல், மேரி புன்னன் லூக்கோஸ் அங்கே சர்ஜன் ஜெனரல் ஆனார். ஆனாலும் பெண் மருத்துவரை இன்றும் 'லேடி டாக்டர்' என்றுதான் சொல்கிறோம்.

நான் கல்லூரியில் படித்தபோது அம்மா எப்போதும் "முதுகு நோவுது" என்பாள். அப்பா எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போவார். டாக்டர் கேட்பதற்கெல்லாம் அப்பாவே பதில் சொல்வார். தைலமும் மாத்திரையும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். மூன்று டாக்டர்கள் மாறினார்கள்.

ஒருநாள் மத்தியானம், வீட்டில் ஆண்கள் இல்லாத நேரம், சித்தி கேட்டார்: "அக்கா, எங்க நோவுது? கைய வச்சுக் காட்டு."

அம்மா எழுந்து கதவைச் சாத்தினாள். முதுகில் வைத்த கையை மெல்ல அடிவயிற்றுக்குக் கீழே கொண்டுபோனாள். கர்ப்பப்பை இறங்கியிருந்தது. என் தம்பி பிறந்த நாளிலிருந்தே அப்படித்தானாம். குனிந்து தண்ணீர்க் குடம் தூக்கும்போதெல்லாம் அது வெளியே வரும். கையால் தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்பாளாம். அந்த உறுப்புக்கு அவள் அறிந்த சொற்களெல்லாம் தெருச்சண்டையில் கேட்டவை. அவற்றை டாக்டரிடம் எப்படிச் சொல்வாள்?

மறுநாள் சித்தி அவளைப் பெண் டாக்டரிடம் கூட்டிப்போனார். அப்பா வரவில்லை. முதலில் வளையம் வைத்தார்கள். பிறகு ஆபரேஷன் நடந்தது.

"ஏம்மா இத்தன வருஷம் சொல்லல?" என்று கேட்டேன்.

"யாரு கேட்டா மக்ளே? உங்கப்பாட்டதான கேட்டாவ."

சித்தியின் நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. சொற்களின் பட்டியல் இரண்டாம் பக்கத்தில்தான் தொடங்குகிறது. முதல் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி: "கொஜா தர்த் மீகொனெ?" அதற்கு எதிரே நம்மூர்த் தமிழில் எழுதியிருக்கிறார்: எங்க நோவுது?

என் மகளுக்குக் கண், காது, மூக்கு சொல்லிக்கொடுத்த வயதிலேயே யோனி, கர்ப்பப்பை என்ற சொற்களையும் சொல்லிக்கொடுத்தேன். அம்மாவும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.