எட்டு அங்குல ஆழம்

பாத்திரம் கழுவும் தொட்டி ஒன்று வாங்குவதற்கு ஏறத்தாழ ஐந்து வாரங்கள் எடுத்துக்கொண்டேன் என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கக்கூடும். இளமுனைவர் பட்ட ஆய்வுக்குத் தலைப்பைத் தேர்ந்தபோதுகூட எனக்கு இவ்வளவு நாள் ஆகவில்லை. அந்தத் தலைப்பை நெறியாளரே முடிவு செய்துவிட்டார் என்பது வேறு செய்தி.

சேலத்தில் 2009இல் நாங்கள் வீடு கட்டியபோது ஒப்பந்தக்காரரே ஒரு தொட்டியைக் கொண்டுவந்து பொருத்தினார். எவர்சில்வர், துருவே பிடிக்காது என்றார். மூன்றாம் ஆண்டிலேயே தண்ணீர் வெளியேறும் துளையைச் சுற்றிப் பழுப்புப் புள்ளிகள் தோன்றின. பிறகு புள்ளிகள் குழிகளாயின. சென்ற பொங்கலுக்குப் பின் அவற்றுள் ஒன்று ஓட்டையாகவே ஆகி, கீழே இருந்த அலமாரியின் பலகை நனைந்து உப்பத் தொடங்கியது. கோடை விடுமுறையில் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

கடைக்குப் போகுமுன் படித்துவிட்டுப் போவது ஆசிரியத் தொழிலின் நோய். துருப்பிடிக்காத எஃகு என்பது ஒரே பொருளன்று என்பதை அப்போதுதான் அறிந்தேன். இரும்போடு குறைந்தது பத்தரை விழுக்காடு குரோமியம் சேர்ந்தால், அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று உருவாகிறது. கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டு அப்படலம் தானே மீண்டும் மூடிக்கொள்ளும். துருவைத் தடுப்பது இதுதான். உப்பில் உள்ள குளோரைடு இப்படலத்தை ஓரிடத்தில் துளைத்துவிட்டால் அங்கே குழி விழும். ஊறுகாய்ப் பரணியைக் கழுவிய உப்புநீரையும், வெண்மையாக்கும் திரவத்தையும், இரும்புக் கம்பிச் சுருளையும் நாங்கள் அந்தப் பழைய தொட்டிக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வஞ்சனையில்லாமல் அளித்து வந்திருக்கிறோம். கம்பிச் சுருளின் துணுக்குகள் தொட்டியில் ஒட்டிக்கொண்டு துருவேறும். அதையும் தொட்டியின் குற்றமாகவே நினைத்திருந்தேன்.

கடைகளில் பெரும்பாலும் இரண்டு எண்கள் காதில் விழும். 304 என்பது சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்டது. 202 என்பதில் விலை மிகுந்த நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என் கணவர் கடைக்கு வந்தார். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எஃகு என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். கடைக்காரர் அவரைத் தடுக்கவில்லை. ஏனென்றால் 304, 202 இரண்டிலுமே காந்தம் ஒட்டாது. 304ஐ ஆழமாக அழுத்தி வார்ப்பெடுக்கும்போது மூலைகளில் சிறிது ஒட்டவும் கூடும். 1992 முதல் புழக்கத்துக்கு வந்த ஒரு ரூபாய் நாணயம் துருப்பிடிக்காத எஃகில் செய்ததுதான். அதில் காந்தம் நன்றாகவே ஒட்டும். இதை நான் எடுத்துச் சொன்னபோது அவர் நாணயத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காந்தத்தை மீண்டும் பையில் போட்டுக்கொண்டார். கடைக்காரரே பிறகு ஒரு சிறு குப்பியை எடுத்துத் தகட்டில் ஒரு சொட்டு விட்டு, மின்கலத்தை வைத்துக் காட்டினார். மாங்கனீசு மிகுந்த தகட்டில் சொட்டு சிவந்தது. கஞ்சமலை அடிவாரத்தில் உருக்காலை இருக்கும் ஊரில் இத்தனை ஆண்டுகள் குடியிருந்தும் இவை எதுவும் எனக்குத் தெரியாது.

தகட்டின் தடிமனைக் ‘கேஜ்’ என்ற அளவால் சொல்கிறார்கள். எண் குறையக் குறையத் தகடு தடிக்கும் என்பது முதலில் குழப்பும். பதினெட்டு என்றால் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர். மெல்லிய தகட்டில் ஒரு டம்ளர் விழுந்தால் தெருமுனை வரை கேட்கும். தடித்த தகடாகப் பார்த்து, அடியில் ரப்பர் அட்டை ஒட்டியதாக வாங்குவது நல்லது. இதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழவில்லை. பளபளப்பா, மங்கலா என்பதிலும் எழவில்லை. எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புப் படிவு பளபளப்பில் வெள்ளைத் திட்டாகத் தெரியும் என்று மங்கலையே தேர்ந்தோம். ஆழத்தை மட்டும் நான் யாரையும் கேட்காமல் முடிவு செய்திருந்தேன். பத்து அங்குலம். இருப்பதிலேயே ஆழமானது.

அதற்கான காரணத்தை இங்கே மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்தால் சமையலறை மேடை தெரியும். பழைய தொட்டியின் ஆழம் ஏழு அங்குலம். இரவுப் பாத்திரங்கள் விளிம்புக்கு மேல் தலைநீட்டிக் கொண்டிருக்கும். காலையில் யாரேனும் வந்தால் கூசும். பத்து அங்குலத் தொட்டி என்றால் எல்லாம் உள்ளே அடங்கிவிடும், கண்ணில் படாது.

பத்துப் பாத்திரம் என்று நாம் சொல்வது பற்றுப் பாத்திரம்தான், எண்ணிக்கையில் பத்து அன்று. சோற்றுப் பற்று ஒட்டிய பாத்திரம். வகுப்பில் இதைச் சொன்னால் மாணவிகள் வியப்பார்கள். நான் பிறந்த திருநெல்வேலிப் பக்கத்தில் அவற்றைத் துலக்கும் இடத்துக்கு அங்கணக்குழி என்று பெயர். வள்ளுவர் அவையறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறளில் தகுதியற்ற அவைக்கு ஒப்புமையாகக் காட்டுவது இந்த அங்கணத்தைத்தான். உரையாசிரியர்களின் விளக்கம் எனக்குத் தேவைப்பட்டதில்லை. அடுப்படிக்குப் பின்னே, இரண்டடிக்கு இரண்டடிப் பள்ளத்தில், ஒரு பலகையைப் போட்டு அம்மா உட்கார்ந்திருப்பாள். இடப்பக்கம் சாம்பலும் புளிச்சக்கையும், கையில் தேங்காய் நார். துலக்கு, விளக்கு என்னும் சொற்களில் ஒளி இருக்கிறது. கழுவு, அலம்பு என்பவற்றில் நீர் மட்டுமே இருக்கிறது. அம்மா துலக்கியவள். எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு எழுவாள். ஊர் வீட்டை விற்றபோது அந்தப் பலகையை நான் எடுத்துவந்தேன். பலாப்பலகை, மூன்றங்குல உயரம், நடுவில் தேய்ந்து குழிந்தது. பூசையறையில் குத்துவிளக்குக்கு அடியில் வைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்குவது நானல்லள். பதினோரு ஆண்டுகளாக ஓர் அக்கா வருகிறார். காலையில் ஆறரைக்கு எங்கள் வீடு, பிறகு வேறு மூன்று வீடுகள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். நல்ல உயரம், ஐந்தடி ஆறங்குலம் இருப்பார். நான் நாலடி பத்து. தொட்டி மாற்றப்போகிறோம் என்று சொல்லி, எப்படி இருந்தால் வசதி என்று நான் கேட்கத்தான் கேட்டேன். “எதுனாலும் சரிங்க டீச்சர்” என்றார். கேட்ட கடமை முடிந்தது என்று எனக்கும் நிம்மதியாக இருந்தது.

முன்பணம் கொடுக்கப் போன சனிக்கிழமை அவரும் உடன் வந்தது தற்செயல். அவருக்குப் பழைய பேருந்து நிலையத்தில் ஏதோ வேலை இருந்தது, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டேன். கடைக்காரர் என்னிடம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா தனியாக மாதிரித் தொட்டிகள் பதித்திருந்த மேடைக்குப் போனார். ஒவ்வொன்றின் முன்னும் நின்று, வலக்கையை உள்ளே விட்டு, அடிப்பரப்பைத் தொட்டு இரண்டு சுற்றுத் தேய்த்தார். கை பாத்திரம் துலக்குவதுபோலவே சுழன்றது. நான் தேர்ந்திருந்த தொட்டிக்கு வந்தபோது கையோடு உடம்பும் உள்ளே சாய்ந்தது. நிமிர்ந்தவர் இடது கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டார்.

“இது ஆழமுங்க டீச்சர்.”

ஆழமாக இருப்பது நல்லதில்லையா, பாத்திரமெல்லாம் உள்ளே அடங்கிவிடுமே என்றேன்.

“அடங்குமுங்க. மூணு நாளு சேந்தாலும் தெரியாது” என்று சிரித்தார். பிறகு, சொல்லலாமா என்று யோசிப்பவர்போல், “அடியில கெடக்கிற ஸ்பூனுக்கெல்லாம் குனியோணுமுங்க” என்றார்.

கடைக்காரர் கணக்கை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். அதுவரை எவரும் அவரைப் பார்த்து ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை. நான் முன்பணம் கொடுக்காமல் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து அளந்தேன். எங்கள் சமையல் மேடை தரையிலிருந்து 31 அங்குலம். அந்த அளவு எங்கிருந்து வந்தது என்று நினைவிருக்கிறது. 2009இல் கொத்தனார் என்னைச் சுவரோரம் நிற்கச் சொல்லி, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்குச் சற்றுக் கீழே பென்சிலால் கோடு கிழித்தார். ‘அம்மா ஒசரத்துக்குச் சரியா வெச்சிருக்கேன்’ என்றார். என் உடம்பை அளந்து கட்டிய மேடை என்பதில் எனக்குப் பெருமைகூட உண்டு. பழைய தொட்டியின் அடி தரையிலிருந்து 24 அங்குல உயரத்தில் இருந்தது. மறுநாள் காலையில் அக்காவைக் கையைத் தொங்கவிட்டு நிற்கச் சொல்லி, மடக்கிய விரல் முட்டி வரை அளந்தேன். 28 அங்குலம். அவர் கூச்சத்தோடு நின்றார். ஆக, பதினோரு ஆண்டுகளாக நாள்தோறும் நாலு அங்குலம் குனிந்து வந்திருக்கிறார். பத்தங்குலத் தொட்டி வந்திருந்தால் அது ஏழாகியிருக்கும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் முதுகுவலி என்று ஒன்பது நாள்கள் அவர் வரவில்லை. அப்போது நான்தான் எல்லாவற்றையும் துலக்கினேன். எனக்கு ஒரு வலியும் வரவில்லை. ‘இதில் என்ன முதுகு வலிக்கிறது’ என்று மனத்துக்குள் நினைத்தேன் என்பதும் நினைவிருக்கிறது. அவர் திரும்பி வந்தபோது தைலம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

பெரிய குக்கரும் இட்லிக் கொப்பரையும் குழாய்க்கு அடியில் நிற்க வேண்டும், தண்ணீரும் மேலே தெறிக்கக் கூடாது என்றால் ஆழத்தை எட்டு அங்குலத்துக்குக் கீழே குறைக்க முடியாது. அதனால் தொட்டி இருக்கும் பக்கத்து மேடையை மட்டும் ஐந்து அங்குலம் உயர்த்துவது என்று முடிவு செய்தேன். 36இல் எட்டுப் போனால் 28. கொத்தனாருக்கு இது பிடிக்கவில்லை. மேடை ஒரே மட்டமாக இருந்தால்தான் அழகு, இப்படிப் படிக்கட்டு மாதிரி எந்த வீட்டிலும் வைத்ததில்லை என்றார். குழாய் வேலை செய்பவர் குழாயையும் உயர்த்த வேண்டும், சுவர் ஓடுகளை உடைக்க வேண்டும், அதே நிறத்தில் ஓடு இப்போது கிடைக்காது என்று வரிசையாகச் சொன்னார். முன் விளிம்புக்கும் தொட்டிக்கும் இடையே இரண்டு அங்குலத்துக்கு மேல் விடக்கூடாது என்று நான் சொன்னபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். நெருங்கி நிற்க முடியாவிட்டால் உயர்த்தியும் பயனில்லை. எட்டிக் குனிய வேண்டியிருக்கும்.

என் கணவர் கேட்ட கேள்விதான் கடினமானது. “செலவைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. ஆனா நாளைக்கு அவங்க வேலையை விட்டுட்டா? அடுத்து வர்றவங்க உன்னை மாதிரிக் குட்டையா இருந்தா?” அவர் கேலியாகக் கேட்கவில்லை. வீடு நம்முடையது, நாமே கடைசி வரை இருக்கப்போகிறவர்கள், அதன் அளவை நாளை போகக்கூடிய ஒருவரின் உடம்பை வைத்து முடிவு செய்யலாமா என்பது அவருடைய கேள்வி. என்னிடம் நல்ல விடை இல்லை. பதினோரு ஆண்டுகள் என்று மட்டும் சொன்னேன்.

அக்காவுக்கும் இது உவப்பாக இருந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உடைத்த சுவரைப் பார்த்துவிட்டு, “எனக்காவ எதுக்குங்க இம்புட்டு” என்றார். அவர் குரலில் நன்றியைவிடச் சங்கடமே மிகுந்திருந்தது. சற்று நேரம் கழித்து, துணியைப் பிழிந்துகொண்டே, “மத்த மூணு வூட்லயும் பழையபடிதானுங்களே” என்றார்.

தொட்டி வந்தது. 304, பதினெட்டு கேஜ், எட்டு அங்குலம். முதல் நாள் துலக்கி முடித்ததும் அக்கா இடுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குழாய் நீர் தட்டில் பட்டுப் புடவையில் தெறிக்கிறது என்றார். எட்டு அங்குலமும் போதவில்லை போலும். குழாய் வாயில் திருகும் சல்லடை மூடி ஒன்றை வாங்கி மாட்டிய பிறகு தெறிப்பது குறைந்தது. கூடத்தில் இருந்து பார்த்தால் இரவுப் பாத்திரங்கள் முன்பைவிட நன்றாகவே தெரிகின்றன, ஐந்தங்குலம் உயர்ந்துவிட்டதல்லவா!

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை. தொட்டியின் விளிம்பு எனக்கு முழங்கை மட்டத்தில் நிற்கிறது. கையைத் தூக்கித் துலக்கினால் நீர் முழங்கை வழியாக வழிந்து ரவிக்கைக்குள் போகிறது. குத்துவிளக்கை இறக்கிவிட்டு, பூசையறையிலிருந்து அம்மாவின் பலகையை எடுத்துவந்து போட்டு ஏறி நின்றேன். சரியாக இருந்தது.

திங்கட்கிழமை காலை அக்கா வந்தபோது பலகை தொட்டியின் கீழே ஈரமாகவே கிடந்தது. அவர் அதைத் துடைத்துச் சுவரில் சாய்த்துவைத்தார்.

“இப்பிடியே வுட்டீங்கன்னா பாசி புடிச்சிருமுங்க டீச்சர். வழுக்கும்.”