ஆச்சியின் ஒல்லாந்துத் துட்டு

ஆச்சியின் சுருக்குப்பையை அவிழ்த்தால் முதலில் கொட்டைப்பாக்கு வாசனை வரும், பின்னால் புகையிலை, அதற்கும் அடியில் களிம்பேறிய செம்பின் நாற்றம். மத்தியானம் உப்பளத்துக் காற்றில் கொடியில் கிடக்கும் வேட்டிகள் படபடக்க, அவள் முற்றத்தில் காலை நீட்டிச் சில்லறை எண்ணும்போது, நான் பக்கத்தில் குந்தி அந்த ஒரு காசுக்காகக் காத்திருப்பேன். எந்தக் கடையிலும் செல்லாத காசு அது. புளி போட்டுத் தேய்த்தால் சிவந்து வரும். ஒரு பக்கம், அலைக்குள்ளிருந்து இடுப்பளவு எழும்பிய சிங்கம். இது கடலில் எதைப் பிடிக்க இறங்கியதோ, கரையேறியதோ இல்லையோ என்று வெகுநாள் கவலைப்பட்டிருக்கிறேன். மறுபக்கம் பெரிய 'வி', அதன் இரண்டு கால்களிலும் கோத்த மாதிரி 'ஓ'வும் 'சி'யும். கீழே 17 என்று தொடங்கித் தேய்ந்துபோன வருஷம். வி.ஓ.சி. என்றால் தூத்துக்குடிப் பிள்ளைகளுக்கு வேறு யார்? கப்பல் விட்டவர் காசு அடிக்க மாட்டாரா என்று அத்தை மகன் சத்தியம் செய்ய, தெருப்பயல்கள் அத்தனை பேரும் நம்பினார்கள்.

அது டச்சுக் கிழக்கிந்திய கம்பெனியின் முத்திரை என்று சொன்னவர் எதிர்வீட்டு வாத்தியார். 1658-ல் போர்த்துகீசியரிடமிருந்து நம்மூரைப் பிடித்த ஒல்லாந்தர்களின் காசு. சிங்கம் சீலாந்து மாகாணத்துச் சின்னம். மிடில்பர்க் அக்கசாலையில் அடித்துக் கப்பலேற்றிய செம்பு. பெயர் 'டொய்ட்'. 8 சேர்ந்தால் ஒரு ஸ்டைவர், 160 சேர்ந்தால்தான் ஒரு கில்டர். வெட்டியெடுத்த துண்டு என்று பொருள்படும் பழைய வட ஐரோப்பியச் சொல்லில் பிறந்த பெயராம். சொந்த ஊரில் ஒன்றுக்கும் உதவாத அந்தப் பொடிக்காசுக்குத்தான், நம் வாயில் துட்டாகி மொத்தப் பணத்துக்கும் பெயராக நிற்கும் யோகம் அடித்திருக்கிறது. கூடவே, கக்கூசும் அவர்கள் விட்டுப்போன சொல்தான் என்றார். எனக்குச் சந்தோஷம் அதில்தான் அதிகம். பொழுது சாயும்வரை தெருவில் அதையே கூவிக்கொண்டு திரிந்தேன்.

பினாங்கிலிருந்து ஆச்சியின் தம்பி வந்திருந்த சமயம், தைலமும் சாக்லேட்டும் மணக்கும் பெட்டியைச் சுற்றி நாங்கள் மொய்த்துக் கிடக்க, அவர் காசை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அக்கா, அங்கே மலாய்க்காரனும் பணத்தை டூயிட்டுன்னுதான் சொல்லுதான்."

ஆச்சி வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினாள். "அவன் என்னமும் சொல்லிட்டுப் போறாம்ல. அதுல நீ எவ்வளவு கொண்டாந்திருக்க?"