சாம்பிள் பீஸில் இல்லாத அளவு

1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பட்டறை பட்டறையாகப் பார்த்து வருபவர் யாரும் அங்குள்ள லேத்காரர்களின் திறமையைச் சந்தேகிக்க மாட்டார்கள். ஒரு பீஸைக் கையில் கொடுத்தால் போதும், அளந்து, டிராயிங் போட்டு, சிஎன்சியில் அப்படியே எடுத்துவிடுவார்கள். இறக்குமதி உதிரிபாகங்கள் பலவற்றுக்கு உள்ளூர் மாற்று இப்படித்தான் வந்தது. இந்தத் திறமையை எண்ணெய்க் கிணற்றுக் குழாயின் தனியுரிமை மரையில் காட்டக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம், மரை வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் கேஜ்தான்.

கிணற்றின் உட்புறம் இறக்கும் கேசிங் குழாய் ஒன்று சுமார் 12 மீட்டர் நீளம். 3,000 மீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய 250 இணைப்புகள் வரும். ஒன்று கசிந்தாலும் கிணறு கெட்டது. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏபிஐ) தரத்தில் வரும் வட்ட மரையில் அங்குலத்துக்கு 8 சுற்று. உச்சிக்கும் பள்ளத்துக்கும் நடுவே எஞ்சும் சுருள் இடுக்கை அடைப்பது கிரீஸ்தான். அழுத்தமும் சூடும் மிகுந்த வாயுக் கிணற்றில் அதை நம்பியிருக்க முடியாது. வல்லூரெக் நிறுவனத்தின் ‘வாம்’ போன்ற தனியுரிமை மரைகளில் குழாயின் மூக்கு, இரு குழாய்களை இணைக்கும் கப்ளிங்கின் உட்சுவரோடு இறுகி, இரும்பும் இரும்பும் அழுந்தியே வாயுவைத் தடுக்கின்றன. முறுக்கு குறைந்தால் அந்த அழுத்தம் கிடைக்காது; மிஞ்சினால் மூக்கு நசுங்கும். சாம்பிளை அளந்தால் கிடைப்பது அந்த ஒரு பீஸின் அளவு மட்டுமே. எந்த அளவு எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பதை அது சொல்லாது. ஏற்கெனவே முறுக்கிக் கழற்றிய பீஸ் என்றால் அதன் தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுப்போம். வரம்பைக் காக்கும் கேஜ் மரையின் உரிமையாளரிடம் இருக்கிறது. மரை ஒட்டிக் கிழியாமல் காக்கும் பூச்சின் விவரமும், முறுக்கு அட்டவணையும் அவரிடமே.

காப்புரிமை 20 ஆண்டில் முடிந்துவிடுகிறதே, பிறகென்ன தடை என்று கேட்பது நியாயம்தான். சட்டத் தடை நீங்கலாம். ஆனால் இழுவை, அமுக்கம், உள் வெளி அழுத்தம், சூடு எல்லாம் சேர்த்து ஏபிஐ 5சி5 முறையில் செய்த சோதனை, சோதித்த இணைப்புக்கே உரியது. நகலுக்கு அது சொந்தமாகாது. நகல் முனையை அசல் கப்ளிங்கில் பூட்டினால் இரண்டு தயாரிப்பாளரும் பொறுப்பேற்க மாட்டார்கள். 1995-இல் ஆந்திரத்தின் பாசர்லபூடியில் கட்டுமீறிய கிணறு 65 நாள் எரிந்தது. அதற்கு மரையை நான் குற்றம் சொல்லவில்லை. கட்டை மீறிய வாயு எவ்வளவு நாள் அடங்காது என்பதற்காகவே அதை நினைவூட்டுகிறேன்.

என் கோபமெல்லாம் சாம்பிளோடு வரும் தரகர்மேல்தான். எந்தக் கிணறு, எவ்வளவு அழுத்தம் என்று சொல்லாமல், ‘இதே மாதிரி வேணும்’ என்று மட்டும் சொல்லி விலையை அடித்துக் குறைக்கிறார். விபத்து நடந்தால் விசாரணை முதலில் தேடுவது மரை வெட்டியவரைத்தான். கமிஷன் வாங்கியவர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. அப்படியானால் வேலையை வெளிநாட்டுக்கே விடுவதா? வேண்டியதில்லை. ஏபிஐ மரைகளின் அளவும் கேஜ் முறையும் பொதுவானவை. சான்று பெற்று யாரும் வெட்டலாம். தனியுரிமை மரைக்கு உரிமம் வாங்கும் வழி இருக்கிறது. நாசிக்கில் ஜிந்தால் சா, பிரிட்டனின் ஹன்டிங்கோடு கூட்டுச் சேர்ந்து அதைத்தான் செய்கிறது. தனிப் பட்டறைக்கு அந்தச் செலவு தாங்காது என்பது உண்மை. அம்பத்தூர், திருமுடிவாக்கம் பட்டறைகள் சங்கமாகச் சேர்ந்து உரிமத்தையும் கேஜ்களையும் பொதுவில் வாங்கலாம். அதற்குக் கடனுதவியை அரசிடம் கேட்கலாம்.