விடை

பிள்ளைத்தமிழில் வருகைப் பருவம் என்று ஒன்று உண்டு. ஒரு வயதை ஒட்டி, தளர்நடை போடும் குழந்தையை 'வா' என்று அழைக்கும் பருவம். ஆண்பால் சிறுதேரோடும் பெண்பால் ஊசலோடும் முடிந்துவிடுகிற அந்தப் பத்துப் பருவங்களில், குழந்தையை விட்டுவிட்டுப் போவதற்கு ஒரு பருவம் இல்லை. புலவர்களுக்கு அதற்கான அவசியம் நேரவில்லை. தாய் வெளியே போனால் குழந்தை வீட்டிலேயே இன்னொரு இடுப்புக்கு மாறிக்கொண்டது. இரண்டு வயதுக் குழந்தையை அந்நியர் கையில் பாதி நாளுக்கு ஒப்படைப்பது பிற்காலத்துப் பருவம். அதற்கு நம்மிடம் பாட்டும் இல்லை, சடங்கும் இல்லை.

பெயர்கள் மட்டும் இருக்கின்றன. பிரான்சில் 'அடைக்கல அறை' என்று வழங்கிய குழந்தைக் கூடங்களை 1881இல் 'எகோல் மத்தெர்னெல்' என்று மாற்றினார்கள், தாய்மைப் பள்ளி. பிரெஞ்சு கொஞ்சம் மிச்சமிருக்கும் இந்தப் புதுச்சேரியில் பொதுவாகப் புழங்குவது 'பிளே ஸ்கூல்'. ஒரு பெயர் தாயை வாக்களிக்கிறது, மற்றது விளையாட்டை. வாசலில் என்ன நடக்கிறது என்பதை இரண்டுமே சொல்வதில்லை.

எங்கள் மகளைச் சேர்த்திருக்கும் பள்ளி பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தாழ்வாரமும் திண்ணையும் வைத்த ஒரு பழைய வீட்டில் இருக்கிறது. அவளுக்கு இரண்டரை வயது. மனைவியும் வேலைக்குப் போகிறவள். 10 மணிக்கு நான் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தாக வேண்டும். முதல் நாள் அவள் என் சட்டைக் காலரைப் பிடித்த பிடியில் ஒரு பொத்தான் போயிற்று. ஆயாம்மா அனுபவசாலி. "நான் பராக்குக் காட்டறேன் சார், நீங்க அப்படியே நழுவிடுங்க" என்றார். வீட்டில் என் அம்மாவின் யோசனையும் இதுவேதான். பராக்குக் காட்டுவது நம் குழந்தை வளர்ப்பின் ஆதாரமான உத்தி. சோறு ஊட்டுவதற்கு நிலா, ஊசி போடுவதற்குக் காக்கா. இரண்டிலும் குழந்தை திரும்பிப் பார்க்கும்போது நாம் அங்கேயே இருக்கிறோம். இதில் அப்படி இல்லை. ஆகவே நான் நழுவ மறுத்தேன்.

காரணம் மனோதத்துவம் அல்ல, தமிழ். நாம் 'போகிறேன்' என்று சொல்லிக் கிளம்புவதில்லை. 'போயிட்டு வரேன்' என்கிறோம். இந்தோசீனாவுக்குக் கப்பலேறிய சிப்பாய்களும் குமாஸ்தாக்களும் இந்த ஊரில் அந்தச் சொல்லைத்தான் விட்டுப் போயிருப்பார்கள். சொல்லிக்கொள்ளாமல் கிளம்புகிற இடம் ஒன்றே ஒன்று, சாவு வீடு. பராக்குக் காட்டிவிட்டு நழுவும் தகப்பன் தினமும் காலையில் தன் குழந்தையை அங்கிருந்து கிளம்புகிற மாதிரி விட்டுக் கிளம்புகிறான். தவிரவும், விடை பெறுவது என்றால் விடை கொடுக்க ஒருவர் வேண்டும். இரண்டரை வயதானாலும் அந்த உரிமை அவளுடையது.

1920இல் வெளிவந்த 'இன்பக் கோட்பாட்டுக்கு அப்பால்' என்ற நூலில் ஃப்ராய்ட் தன் மகள் வயிற்றுப் பேரன் எர்ன்ஸ்டைப் பற்றி எழுதுகிறார். ஒன்றரை வயது. நூல் கட்டிய மரக்கட்டை ஒன்றைத் திரையிட்ட தொட்டிலுக்குள் எறிந்து 'ஓ' என்று நீட்டுவான். இழுத்து எடுத்ததும் 'டா' என்பான். போச்சு, வந்தாச்சு. அம்மா போவதையும் வருவதையும் தன் கையில் எடுத்துக்கொண்ட விளையாட்டு. ஆனால் போவதை மட்டுமே அவன் திரும்பத் திரும்ப ஆடினான் என்பதையும் ஃப்ராய்ட் குறிக்கிறார். இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் பலரும் கட்டையைப் பார்க்கிறார்கள். நான் நூலைப் பார்க்கிறேன். சொல்லாமல் போனவரின் நூல்முனை குழந்தையின் கையில் இல்லை. என் மகள் சாயங்காலங்களில் பொம்மையைச் சுவரோரம் உட்காரவைத்து "அழக்கூடாது, போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் மறைகிறாள். போகிறவள் இப்போது அவள்.

இரண்டாவது வாரம் அழுகை நின்றது. "செட் ஆயிட்டா" என்றார்கள். எனக்கு நிம்மதி வரவில்லை. ஜேம்ஸ் ராபர்ட்ஸன் 1952இல் இங்கிலாந்தில் எடுத்த ஒரு படம், ஆஸ்பத்திரியில் எட்டு நாள் தங்கிய இரண்டு வயதுச் சிறுமியைக் காட்டுகிறது. அவள் அதிகம் அழுவதில்லை. அதுதான் பார்ப்பவரை வதைக்கிறது. முதலில் எதிர்ப்பு, பிறகு நம்பிக்கையிழப்பு, கடைசியில் ஒட்டாமை என்று அவர் படிகளை வகுத்தார். சமர்த்து என்று நர்ஸுகள் மெச்சியது பல சமயம் கடைசிப் படியைத்தான். எட்டு நாளும் மூன்று மணி நேரமும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அமைதியைத் தேறுதல் என்று படித்துவிடக்கூடாது என்பது இங்கேயும் செல்லும். மத்தியானம் அழைத்துப்போக வரும் மனைவியைக் கண்டதும் அவள் உதடு பிதுங்கி அழுதாள். பள்ளியில் சங்கடப்பட்டார்கள். அவள் சேர்த்துவைத்த அழுகையைச் சேரவேண்டிய இடத்தில் சேர்த்தாள் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் செய்வது சொற்பம். தினமும் அதே திண்ணை, அதே ஆயாம்மாவின் கை. கடிகார நேரம் அவளுக்குப் பொருளற்றது, ஆகவே "மம்மம் சாப்பிட்டு, கதை கேட்டதும் அம்மா வருவா." என் கைக்குட்டை அவள் பையில் இருக்கும். தாயும் அல்லாத, வெறும் பொருளும் அல்லாத இந்த இடைநிலைப் பண்டத்தைப் பற்றி விளக்கியவர் வின்னிகாட் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர். ஒரு முத்தம், ஒரு தடவை 'போயிட்டு வரேன்', பிறகு திரும்பி நடப்பது. வாசலில் தயங்கி நின்றால் என் பயத்தை அவள் படித்துவிடுவாள். நாள் முழுக்க நான் எண்ணும் நோட்டுகளும் வாக்குறுதிகள்தான். கொடுத்தபோதெல்லாம் செல்லுவதால் செல்லுகின்றன. வருவதாகச் சொன்ன வேளைக்கு வருவது ஒன்றே இந்தச் சொல்லுக்கும் இருப்பு.

ஆனால் முழு இருப்பு யாரிடமும் இல்லை. எர்ன்ஸ்டின் தாய் சோஃபி 1920 ஜனவரியில் விஷக்காய்ச்சலில் இறந்தாள், அந்த நூல் வெளிவந்த அதே வருஷம். பையன் வளர்ந்து தானும் உளப்பகுப்பாய்வாளர் ஆனான். குறைமாதத்தில் பிறந்து தாயிடமிருந்து பிரித்து வைக்கப்படும் சிசுக்களின் மேல் பிற்காலத்தில் அவருடைய கவனம் சென்றது. 'வரேன்' என்பதன் கீழே இந்தப் பள்ளம் இருப்பது தெரிந்தேதான் எல்லோரும் அதைச் சொல்கிறோம். அவளுக்கும் அது ஏதோ ஒரு தளத்தில் தெரிந்திருக்கிறது; இல்லாவிட்டால் காலரை அப்படிப் பிடிக்கமாட்டாள். நேற்று முன்தினம் திண்ணையில் நின்று, கண்ணைத் துடைக்காமலேயே, "போயிட்டு வா" என்றாள். அழுதுகொண்டே கொடுத்தாலும் அது விடைதான்.